ஆய் அரசர்கள்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில், சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் மலைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போகாமல் எனக்கு ஒரு மாதம் கழிவதில்லை. வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள். மேலே ஏறி, பாறை நிழலில் உட்கார்ந்து ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதற்குள் கேள்விகள் தொடங்கிவிடும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். நம்முடைய மண்ணில் பிறந்த ஆய் என்ற அரசமரபைப் பற்றி நம் பிள்ளைகளுக்கே ஒரு வரி தெரியவில்லையே என்ற ஆதங்கம்தான் இதை எழுத வைத்தது.

ஆய்னா யாரு? பள்ளிக்கூடத்துல சேர சோழ பாண்டியன்னுதானே படிச்சோம்?

மூவேந்தர்களுக்கு வெளியே, தங்கள் தங்கள் மலையையும் நாட்டையும் ஆண்ட குறுநில மன்னர்கள் பலர் இருந்தார்கள். வேளிர் என்பார்கள். பாரி, அதியமான், இருங்கோவேள் எல்லாம் அந்த வரிசை. ஆய் அரசர்களும் வேளிர்தான். பொதிய மலையும் அதன் தென்மேற்கே குமரி வரை இறங்கும் நிலமும் அவர்களுடையது.

இவர்களை வரலாற்றில் இரண்டு முறை தெளிவாகப் பார்க்கிறோம். முதலில் சங்கப் பாடல்களில். அப்புறம் நீண்ட இடைவெளி விட்டு, 8, 9ஆம் நூற்றாண்டுகளின் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும். இந்தப் பக்கம் பெரும்பாலும் இரண்டாவது காலத்தைப் பற்றியது. ஏனென்றால் அந்தக் காலத்து ஆவணங்களில்தான் முஞ்சிறையும் பார்த்திவபுரமும் பெயரோடு வருகின்றன.

கடையேழு வள்ளல்ல வர்ற ஆய் இவருதானா?

அவர் ஆய் அண்டிரன், இந்த மரபின் சங்ககால முன்னோர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அவரைத் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார். "இம்மைச் செய்தது மறுமைக்கு ஆமெனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்" என்ற புறநானூற்று வரி அவரைப் பற்றியதுதான். இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அறத்தை விற்கிற வியாபாரி இல்லை ஆய் என்கிறார் புலவர். கொடையைப் பற்றி இதைவிட உயர்ந்த பேச்சை நான் வேறெங்கும் படித்ததில்லை.

நாகம் தந்த நீல ஆடையை ஆலமரத்தடி இறைவனுக்கு உவந்து கொடுத்தவர் என்று சிறுபாணாற்றுப்படை சொல்வதும் இவரைத்தான். இதே பொதியமலைப் பக்கத்தின் திதியன் என்ற தலைவனும் சங்கப் பாடல்களில் வருகிறான். தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்த எழுவரில் திதியன் பெயரும் உண்டு.

பொதிகை மலை தென்காசிப் பக்கம்லா இருக்கு? நம்ம மாவட்டத்துக்கும் ஆய்க்கும் என்ன சம்பந்தம்?

மலைக்கு இரண்டு சரிவு உண்டு. கிழக்கே தென்காசி, அங்கே ஆய்க்குடி என்ற ஊர் இன்றும் இருக்கிறது. மேற்கும் தெற்கும் நம் பக்கம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்கர் தாலமி, ஆய்களின் நாடாகச் சொல்லும் பகுதியில் குமரி முனையும் அடங்குகிறது. ஆகவே தொடர்பு பழையது.

பிற்காலத்தில் பாண்டியர்களின் கை ஓங்க ஓங்க, கிழக்குச் சரிவு ஆய்களின் பிடியிலிருந்து நழுவியது. தென்மேற்குக் கரைதான் அவர்களுக்கு மிஞ்சியது. விழிஞம் அவர்களுக்குப் பெரிய துறைமுகமாகவும் கோட்டையாகவும் இருந்தது. இன்றைய விளவங்கோடு, கல்குளம் பக்கம் அவர்களுடைய உள்நாடு.

அப்போ நாஞ்சில் நாடும் ஆய் நாடுதானா?

அப்படி ஒரே வீச்சில் சொல்லிவிட முடியாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களை ஒட்டிய நாஞ்சில் நாட்டுக்குச் சங்ககாலத்திலேயே தனித் தலைவன் உண்டு. நாஞ்சில் பொருநன் என்பார்கள், நாஞ்சில் வள்ளுவன் என்றும் சொல்வார்கள். ஔவையார் அவனிடம் கீரையோடு சேர்த்துச் சமைக்கக் கொஞ்சம் அரிசி கேட்டாராம். அவன் யானையைக் கொடுத்துவிட்டான். 'தடவுநிலைப் பலவின் நாஞ்சிற் பொருநன்' என்று அந்தப் பாட்டு தொடங்குகிறது. பெரிய பலாமரங்கள் நிற்கும் நாஞ்சில். இன்றைக்கும் அந்த அடைமொழி நமக்குப் பொருந்துகிறதே என்று படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

பின்னாளில் நாஞ்சில் நாடு நெல் விளையும் வாசல் நிலம் ஆனதால் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வந்த பாண்டியர், அப்புறம் சோழர், கடைசியில் வேணாட்டார் என்று கை மாறிக்கொண்டே இருந்தது. அதனால் மேற்கே ஆய்களின் தடயம் அடர்த்தியாகவும், நாஞ்சில் நாட்டில் பாண்டிய, சோழத் தடயம் அடர்த்தியாகவும் இருக்கிறது.

கருநந்தடக்கன்னு ஒரு பெயரா? வாயிலேயே நுழையலையே.

9ஆம் நூற்றாண்டில் பார்த்திவபுரம் கோயிலைக் கட்டிய ஆய் அரசனின் பெயர் அது. பிரித்தால் நுழையும். கருநந்தன், அடக்கன். அதாவது கருநந்தன் மகன் அடக்கன். அப்பா பெயரை முன்னால் போட்டு மகன் பெயரைப் பின்னால் போடுவது அந்தக் காலத்து வழக்கம். இந்தக் குடும்பத்திலும் உறவிலும் பல பெயர்கள் இப்படித்தான். சடையன் கருநந்தன் என்றால் சடையன் மகன் கருநந்தன். சாத்தன் முருகன் என்றால் சாத்தன் மகன் முருகன். அவருடைய மகள் முருகன் சேந்தி.

நாம் இனிஷியல் போடுகிறோமே, அதேதான். ஒரு எழுத்தாகச் சுருக்காமல் முழுசாக எழுதினார்கள். பார்த்திவபுரம் கோயிலுக்காக அவன் வெளியிட்ட செப்பேட்டில் 'கோ' என்ற அரசுப் பட்டமும் முன்னால் சேர்ந்து கோக்கருநந்தடக்கன் என்று வரும்.

பார்த்திவபுரம் கோயில்ல பார்த்தசாரதிதான் சாமி. அர்ச்சுனன் பேரு பார்த்தன். அதனாலதானே பார்த்திவபுரம்?

இல்லை. புதுக்கடைப் பக்கம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. ஊரின் முழுப்பெயர் பார்த்திவசேகரபுரம். பார்த்திவர் என்றால் அரசர்கள், சேகரம் என்றால் தலையில் சூடும் அணி. 'அரசர்களின் தலையணி' என்பது கருநந்தடக்கனின் பட்டப்பெயர். தான் கட்டிய கோயிலுக்கும் ஊருக்கும் அந்தப் பட்டத்தையே வைத்தான். நடுவில் இருந்த 'சேகர' காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது.

அங்கே எடுத்தது விஷ்ணு கோயில் என்று செப்பேடு தெளிவாகச் சொல்கிறது. இப்போது பார்த்தசாரதி கோயில் என்று அழைக்கிறோம். ஓசை ஒத்துப்போனதால் ஊர்ப்பெயரும் சாமி பெயரும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அந்தச் செப்பேட்டுல அப்படி என்னதான் இருக்கு?

என்னைக் கேட்டால் குமரி மாவட்டத்தைப் பற்றி நமக்குக் கிடைத்த ஆவணங்களிலேயே மிக அருமையானது அதுதான். வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வடிவில், தமிழில் எழுதியது. வடசொற்கள் கலந்து வரும். பிற்காலத்தில் திருவனந்தபுரம் ஹசூர் கச்சேரியில், அதாவது அரசுத் தலைமை அலுவலகத்தில், இருந்ததால் ஹசூர் அலுவலகச் செப்பேடு என்றும் சொல்வார்கள். தொல்லியல் அறிஞர் கோபிநாத ராவ் அதைப் படித்து, திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் வெளியிட்டார்.

விஷயம் இது. அரசனுக்குக் கோயில் கட்ட ஓர் இடம் வேண்டும். அவன் கண் வைத்த இடம் உழக்குடிவிளை. அது முஞ்சிறைச் சபையாருக்குச் சொந்தம். அவன் அரசன், ஆனாலும் பறித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக வேறு நிலத்தைச் சபைக்குக் கொடுத்து, மாற்றாக உழக்குடிவிளையைப் பெற்றுக்கொள்கிறான். அதில் கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, 95 சட்டர்களுக்கு ஒரு சாலையும் ஏற்படுத்துகிறான். 866ஆம் ஆண்டில், ஒரு மன்னனும் ஓர் ஊர்ச்சபையும் நிலத்துக்கு நிலம் மாற்றி, அதைச் செம்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு நிறைந்துபோகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உழக்குடி'விளை'. அம்மாண்டிவிளை, பள்ளவிளை என்று நம் மாவட்டம் முழுக்க விளைகள்தான். வயல் ஆகாத மேட்டுத் தோட்டத்தை விளை என்று இன்றும் சொல்கிறோம். அந்தச் சொல் 1100 வருஷத்துக்கு மேலாக இங்கேயே, இதே பொருளில் இருக்கிறது. முஞ்சிறையும் அதே பெயரோடு இருக்கிறது. சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் தொடங்கும் திருமலைக் கோயில் இருக்கிற ஊர்தான்.

866ன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க? கி.பி.ன்னு எழுதியிருந்தாங்களா?

கலியுகம் தொடங்கியதிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதியிருக்கிறார்கள். 14,49,087 நாள். இதைவிடத் துல்லியமான தேதி என்ன வேண்டும்?

நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாள்களை 365¼ஆல் வகுத்தால் 3967 ஆண்டும் சில மாதங்களும் வரும். கலியுகம் கி.மு. 3102 பிப்ரவரியில் தொடங்கியதாகக் கணக்கு. 3967இல் 3102ஐக் கழித்தால் 865. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவில் பூஜ்ய ஆண்டு கிடையாது என்பதால் ஒன்று கூட்ட வேண்டும். 866. மிச்ச மாதங்களையும் சேர்த்தால் ஜூலையில் வந்து நிற்கும். அது அரசனின் 9ஆம் ஆட்சியாண்டு என்றும் செப்பேடு சொல்வதால், அவன் 857 வாக்கில் பட்டத்துக்கு வந்தான் என்பதும் தெரிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பாறையில் உட்கார்ந்து போனில் வகுத்துப் பார்த்து, விடை வந்ததும் துள்ளிக் குதித்தான்.

சாலைன்னா ரோடுதானே? ரோட்டுல எதுக்கு 95 பேரு?

இங்கே சாலை என்றால் கல்விக்கூடம். பாடசாலை என்கிறோமே, அந்தச் சாலை. தங்குமிடமும் சாப்பாடும் சேர்ந்தது. சட்டர் என்பவர்கள் அங்கே தங்கிப் படித்த வேதியர்கள். 95 இடத்தில் ரிக்வேதக்காரர்களுக்கு 45, யஜுர்வேதத்தின் தைத்திரீயக் கிளைக்கு 36, சாமவேதத்தின் தலவகாரக் கிளைக்கு 14 என்று பிரித்திருந்தார்கள்.

சும்மா யாரையும் சேர்த்துவிடவில்லை. இலக்கணம் தெரிய வேண்டும், சடங்கு தெரிய வேண்டும், அதோடு மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிய வேண்டும். சேர சோழ பாண்டிய நாடுகளில் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் இடம் என்றால், இங்கே படித்து வெளியே போனவர்கள் அரசு வேலைகளுக்கும் போயிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

'தென்னாட்டு நாளந்தா' என்று சிலர் எழுதுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 95 பேர் என்பது 95 பேர்தான். சோழர் காலத்து எண்ணாயிரம் கல்லூரியில் 340 மாணவர்கள் படித்தார்கள். நம்முடையது அளவில் சிறியது. ஆனால் அதைவிட ஒன்றரை நூற்றாண்டு முந்தியது, விதிகளோடு கிடைத்தது. அந்தப் பெருமை போதும். இந்தக் கல்வி வேதியர்களுக்கு மட்டுமே இருந்தது என்பதையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

அங்க களரியும் வாள் சண்டையும் படிச்சுக் குடுத்தாங்கன்னு யூடியூப்ல சொல்றாங்களே?

பார்த்திவபுரத்துச் செப்பேட்டில் பாடமாகச் சொல்லியிருப்பது மேலே சொன்னவைதான். ஆயுதப் பயிற்சி அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் விதிகளில் ஒரு சுவையான இடம் உண்டு. கூட்டம் கூடும் இடத்துக்கு ஆயுதம் எடுத்து வரக்கூடாது, ஒருவரை ஒருவர் ஏசினாலும் அடித்தாலும் தண்டம், சூதாடக்கூடாது, சாலைக்குள் பணிப்பெண்ணை வைத்துக்கொள்ளக்கூடாது. யாரும் செய்யாத காரியத்தைத் தடை செய்து செம்பில் எழுத மாட்டார்கள். ஆகவே சட்டர்களில் சிலர் கையில் ஆயுதம் இருந்தது என்று ஊகிக்கலாம். சட்டர்கள் ஆயுதம் பழகியவர்களே என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆயுதம் இருந்தது என்பது வேறு, ஆயுதக் கல்லூரி என்பது வேறு. முதலாவதற்கு ஆதாரம் உண்டு.

ஆய் அரசன் தனியா ஆண்டானா, இல்ல பாண்டியனுக்குக் கப்பம் கட்டினானா?

இரண்டும் மாறி மாறி நடந்தது. பாண்டியன் கோச்சடையன் ரணதீரன் மருதூரில் ஆய்வேள் அரசனைத் தோற்கடித்தான். அவனுக்குப் பேரன் நெடுஞ்சடையன் விழிஞம் கோட்டையை அழித்தான். அதே நெடுஞ்சடையனின் 23ஆம் ஆண்டில், மலைநாட்டுச் சடையன் கருநந்தன் மேல் படை போய் அருவியூர்க் கோட்டையை அழித்ததைக் கழுகுமலைக் கல்வெட்டு சொல்கிறது. இத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்றால், இத்தனை முறையும் இவர்கள் பணியாமல் எழுந்திருக்கிறார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

அப்புறம் காற்று மாறியது. அதற்குச் சான்று பெயர்களில் இருக்கிறது. கருநந்தடக்கனுக்கு ஸ்ரீவல்லபன் என்ற பெயரும் உண்டு. அவன் பட்டத்துக்கு வந்தபோது மதுரையில் இருந்தவன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன். அடுத்து வந்த ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணன். 862இல் மதுரையில் முடிசூடியவன் வரகுணன். மேலாதிக்கம் உள்ள அரசனின் பெயரைத் தானும் சூடிக்கொள்வது அன்றைய அரசியல் மரியாதை. நிலம் கொடுக்கவும் கோயில் எடுக்கவும் சொந்த ஆட்சியாண்டைப் போட்டுச் செப்பேடு வெளியிடவும் உரிமை இருந்தது, தலைக்கு மேல் பாண்டியனும் இருந்தான்.

சிதறால்ல இருக்கது பகவதி கோயிலா, சமணக் கோயிலா?

முதலில் சமணம், பின்னால் பகவதி. கல்வெட்டில் அதன் பெயர் திருச்சாரணத்து மலை, சாரணர் எனப்படும் சமணத் துறவிகளின் மலை. ஊரார் சொக்கன்தூங்கி மலை என்றும் சொல்வார்கள். இயற்கையாகக் கவிந்து நிற்கும் பாறையின் முகப்பில் வரிசையாகத் தீர்த்தங்கரர்களை, அதாவது சமணர் வணங்கும் அருகர்களை, செதுக்கியிருக்கிறார்கள். தலைக்கு மேல் மூன்றடுக்குக் குடை இருக்கும், கவனித்துப் பாருங்கள். பாம்புப் படம் விரிந்து நிற்பவர் பார்சுவநாதர். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் விரல்கள்கூடத் தெரியும்.

சமணம் தளர்ந்த பிறகு, 13ஆம் நூற்றாண்டு வாக்கில் இது பகவதி கோயிலாக மாறியது. இடித்துக் கட்டிய மாற்றம் இல்லை. சமண அம்மன் இருந்த இடத்தில் பகவதி வந்தாள், தீர்த்தங்கரர்கள் பாறையில் அப்படியே இருந்தார்கள். நாகர்கோவில் நாகராஜா கோயிலும் இதே கதைதான். அங்கே 16ஆம் நூற்றாண்டிலும் கமலவாகன பண்டிதர், குணவீர பண்டிதர் என்ற சமணர்கள் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. தூண்களில் சமண உருவங்களை இன்றும் காணலாம்.

அந்த மலையில பெண் சாமியார் இருந்தாங்களாமே?

குரத்தி என்பார்கள். குரவருக்குப் பெண்பால், அதாவது ஆசிரியை. விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று மலையில் இருக்கிறது. பேராயிற்குடி அரிட்டநேமி படாரரின் மாணவியான குணந்தாங்கிக் குரத்திகள், அங்குள்ள பகவதிக்கு, அதாவது அன்றைய சமண அம்மனுக்கு, பொன் அணிகள் கொடுத்ததைச் சொல்கிறது. 'குரத்திகள்' என்று மரியாதைப் பன்மை போட்டிருக்கிறார்கள். ஒரு பெண் துறவியின் பெயரும் அவருடைய ஆசிரியரின் பெயரும் ஊரும் 1100 ஆண்டு கழித்து நமக்குக் கிடைத்திருக்கின்றன. கல்லில் அவ்வளவு சின்ன இடம்தான். அதைத் தாண்டிப் போகும்போது பிள்ளைகளை நிறுத்தி அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல வைப்பேன்.

இதே வரகுணன், கேரளத்துப் பாலியம் செப்பேட்டின்படி, ஸ்ரீமூலவாசம் என்ற பௌத்தக் கோயிலுக்கும் நிலம் கொடுத்தவன். முந்தைய அரசன் விஷ்ணு கோயில் எடுத்ததைப் பார்த்தோம். இரண்டே தலைமுறைக்குள் மூன்று சமயம். அவன் மனைவி முருகன் சேந்தி தெங்கநாட்டுக் கிழவன் சாத்தன் முருகனின் மகள். கல்வெட்டு அவரை ஆய்குல மாதேவி என்கிறது. கிழவன் என்பது அங்கே வயசானவர் இல்லை, நாட்டுக்கு உரியவன், தலைவன்.

ராஜராஜ சோழன்தானே காந்தளூர்ச் சாலையை அழிச்சு ஆய் அரசை முடிச்சது?

ராஜராஜன் 985இல் பட்டத்துக்கு வருவதற்கு முன்பே ஆய் அரசு ஒடுங்கிவிட்டது. 885 வாக்கில் திருப்புறம்பியம் போரில் பாண்டியன் வீழ்ந்தான். அவனைச் சார்ந்திருந்த ஆய்களுக்கு அது பேரிடி. வடக்கே சேரப் பெருமாள்களும் வேணாடும் எழுந்தன, கிழக்கே சோழன் வந்தான். 10ஆம் நூற்றாண்டில் ஆய் நாடு இவர்களுக்கு நடுவே கரைந்துபோனது.

'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்பது ராஜராஜன் மெய்க்கீர்த்தியின் புகழ்பெற்ற தொடர். பார்த்திவபுரம் சாலையே காந்தளூர் முறைப்படி நடக்க வேண்டும் என்றுதான் அமைத்தார்கள், ஆகவே காந்தளூர் அதற்கு மூத்தது. காந்தளூர் இருந்த இடம் திருவனந்தபுரம் வலியசாலைப் பகுதி என்பது ஒரு கருத்து, விழிஞத்தை ஒட்டியது என்பது இன்னொன்று. 'கலம்' என்றால் கப்பல் என்று கொண்டு, கப்பற்படையை அழித்தான் என்பார்கள். கலம் என்றால் உண்கலம் என்று கொண்டு, சாலையில் உண்டவர்களின் உரிமையை நிறுத்தினான் அல்லது திருத்தினான் என்பாரும் உண்டு. கல்விக்கூடத்தைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்து வருவதால் எனக்கு இரண்டாவது பக்கம் சாய்வு அதிகம்.

சோழன் இங்கே வேரூன்றியது உண்மை. கோட்டாறு மும்முடிச் சோழபுரம் ஆனது. திருநந்திக்கரைக் குடைவரையில் ராஜராஜனின் 18ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அவனுடைய பிறந்த நாளான ஐப்பசிச் சதயத்துக்கு விழா எடுக்க நிலம் விட்டதைச் சொல்கிறது. தஞ்சாவூரில் சதய விழா பெரிதாக நடக்கிறது. குலசேகரம் பக்கத்து ஊரிலும் ஒரு காலத்தில் நடந்திருக்கிறது!

வேணாட்டு அய்யன் அடிகளும் ஆய்தானே? பேரே அப்படித்தானே இருக்கு?

ஓசைதான் ஒன்று. அய்யன் அடிகள் திருவடிகள் கொல்லத்தை மையமாகக் கொண்ட வேணாட்டை ஆண்டவர். 849இல் தரிசாப்பள்ளிக்கு, அதாவது கொல்லத்துக் கிறிஸ்தவப் பள்ளிக்கு, செப்பேடு கொடுத்தவர். சேரப் பெருமாளுக்கு அடங்கியவர். அதே காலத்தில் தெற்கே ஆய்கள் பாண்டியனோடு சேர்ந்திருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து அரசுகள், வேறு வேறு மேலாதிக்கம்.

பின்னர் வேணாடு தெற்கே பரவி ஆய் நிலத்தை உள்வாங்கியது. அதிலிருந்துதான் திருவிதாங்கோடும் பத்மநாபபுரமும் திருவிதாங்கூர் அரசும் வளர்ந்தன.

கடைசியா இவங்க தமிழ் அரசா, மலையாள அரசா?

அவர்களிடம் போய்க் கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது. மலையாளம் தனி எழுத்துமொழியாகப் பிரிவதற்கு முந்தைய காலம் அது. செப்பேடுகளும் கல்வெட்டுகளும் தமிழில், வட்டெழுத்தில் இருக்கின்றன. முன்னோர் புறநானூற்றில் இருக்கிறார்கள். நாட்டை மலைநாடு என்றார்கள். 1956 நவம்பர் 1இல் போட்ட எல்லைக் கோட்டை 866க்கு இழுத்துக்கொண்டு போக முடியாது.

எனக்கு வருத்தம் வேறு. அந்தக் கோட்டின் இந்தப் பக்கம் எழுதும் வரலாற்றில் நாம் ஒரு மூலை. அந்தப் பக்கம் எழுதும் வரலாற்றிலும் ஒரு மூலை. விழிஞத்திலும் முஞ்சிறையிலும் நின்று பார்த்தால் இதுதான் நடு.

ஆய்னா ஆயர், யாதவர்னு ஒருத்தர் சொல்றாரு. இன்னொருத்தர் எங்க சாதிங்கறாரு. யாரு சொல்றது சரி?

செப்பேடுகள் இவர்களை யதுகுலம், விருஷ்ணி குலம் என்கின்றன. கண்ணன் பிறந்த குலம். ஆனால் அந்தக் காலத்தில் எல்லா அரசமரபும் இப்படி ஒரு புராண வேர் சொல்லிக்கொண்டது. பாண்டியர் சந்திர குலம் என்றார்கள், சோழர் சூரிய குலம் என்றார்கள். முடிசூடியவன் சொல்லிக்கொள்ளும் பெருமையை இன்றைய சாதிப் பட்டியலோடு ஒட்டவைக்க முடியாது. சங்கப் பாடல்கள் இவர்களை வேளிராகவே காட்டுகின்றன.

இந்தச் சண்டையால் வீணாகும் நேரத்தில் ஒரு கல்வெட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

ஒரே நாள்ல இதையெல்லாம் பாக்க முடியுமா?

முடியும், காலையிலேயே கிளம்பினால். முதலில் சிதறால். மார்த்தாண்டத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர்தான், வெயில் ஏறும்முன் மலை ஏறிவிட வேண்டும். தண்ணீர் கையில் இருக்கட்டும். அங்கிருந்து குலசேகரம் வழியாகத் திருநந்திக்கரைக் குடைவரை. மதியம் சாப்பிட்டுவிட்டுத் தெற்கே இறங்கி முஞ்சிறை, மாலை நடை திறக்கும் நேரத்துக்குப் பார்த்திவபுரம். செப்பேட்டை அங்கே தேடாதீர்கள், கோயிலையும் நிலத்தையும்தான் பார்க்க முடியும். சபை இருந்த ஊரும் அரசன் கோயில் கட்டிய இடமும் எவ்வளவு பக்கம் என்பது நேரில் போனால்தான் உறைக்கும்.

எங்க குடும்பக் கோயில் வாசல்ல எழுத்து மாதிரி ஏதோ உள்ள கல்லு கிடக்கு. என்ன செய்யணும்?

முதலில், எதுவும் செய்யாதீர்கள். தேய்க்க வேண்டாம், பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், எழுத்து தெரியட்டும் என்று மாவோ கரியோ பூசவும் வேண்டாம். திருப்பணியின்போது எழுத்துள்ள கல்லின் மேல் சிமென்ட் பூசிவிட்ட ஓர் ஊர்க்கோயிலை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு வருஷம் முன்பு அங்கே நாலு வரி வட்டெழுத்தைத் தொட்டுப் பார்த்த கை இது. அடுத்த முறை போனபோது வழவழவென்று சுவர். பூசியவர்கள் கெட்டவர்கள் இல்லை, கோயில் அழகாக வேண்டும் என்றுதான் செய்தார்கள். அது எழுத்து என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது போட்டோ எடுங்கள். இல்லையென்றால் இருட்டியபின் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். நேராக ஃபிளாஷ் அடித்தால் எழுத்து மறைந்துவிடும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து அளவு தெரிய ஒன்று, கல் கிடக்கும் இடம் தெரிய ஒன்று. அதை மாநிலத் தொல்லியல் துறைக்கோ கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்துக்கோ கொடுங்கள். மண் தோண்டும்போது செம்போ காசோ கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். அதுவரை அந்தக் கல்லில் துணி துவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.